பாயைத் தூக்குவது யார்?

சாலேலாவா, சவாய் தீவு
1995 அக்டோபர் 10

கர்த்தருக்குள் அன்பான தங்கை மசீனாவுக்கு, அண்ணன் செமு வாயால் சொல்ல, உன் அண்ணி சலோமே கையால் எழுதுவது.

நாங்கள் இருவரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி? கோழி ஆலையில் இன்னும் நிற்க வைத்துத்தான் வேலை வாங்குகிறார்களா? இங்கே சேம்பு இன்னும் எழுந்திருக்கவில்லை. இலை கருகும் நோய் வந்தது முதல் ஈரப்பலாவும் வாழைக்காயும்தான். பன்றியை நான் திறந்து விட்டுவிட்டேன் என்று உன் அண்ணி நேற்று ஊர் கேட்கத் திட்டினாள். கதவு தானாகத் திறந்தது. அதை அவள் எழுத மாட்டாள்.

முந்தாநாள் பிள்ளைகள் ஞாயிறு. ஊர்ப் பிள்ளைகள் வெள்ளை உடுத்திக் கோயிலில் வசனம் சொன்னார்கள். ஏழு வயதில் என் மகன் லூகா பாதி வசனத்தில் நின்றுவிட்டு, மீதியைத் தானே கட்டிச் சொன்னது நினைவுக்கு வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. மறதியும் கிடையாது. இரண்டில் எது பெரிய குறை என்று இப்போதெல்லாம் தெரியவில்லை.

போன மார்ச்சில் லூகாவின் பெட்டியோடு வந்தாய். நம் வீட்டு முன்னால் அவனை அடக்கம் பண்ணினோம். மண் போட்ட கையோடு விமானம் ஏறினாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று.

மனாசே எப்படி இருக்கிறான்? ஜெயிலில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? அவன் ஓட்டிய காரில் என் மகன் போனான் என்பது உண்மைதான். அவன் என் தங்கை மகன் என்பதும் உண்மைதான்.

இந்த இடத்தில் சலோமே பேனாவை நிறுத்திவிட்டாள். எழுது என்றேன். எழுதினாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் தெரியும்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.
அண்ணன் செமு


மவுண்ட் ட்ரூயிட், சிட்னி
1995 நவம்பர் 19

அன்புள்ள அண்ணனுக்கும், இதைப் படித்துக் காட்டும் அண்ணிக்கும் மசீனாவின் வணக்கம்.

உங்கள் சுகம் அறிந்து கர்த்தருக்கு நன்றி சொன்னேன். என் முழங்காலுக்குக் கத்தி வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

எழுதியிருக்கிறாள் அண்ணா. அந்த வரியில் எழுத்து கொஞ்சம் அழுந்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் எழுதாமல் இல்லை. உட்காருவேன். ‘நலம்’ என்று போட்டதும் பேனா நின்றுவிடும்.

மனாசேக்கு ஜனவரியில் விடுதலை. போன சனிக்கிழமை பார்க்கப் போனேன். நானும் லூகாவும் இரவெல்லாம் ஆலையில் கோழி வெட்டிவிட்டு விடியக்காலையில் காரை எடுத்தோமே, அசதியில் கண்ணை மூடினேனே என்று அதையே சொல்கிறான். நான் கிளம்ப எழுந்தபோது கேட்டான். “அம்மா, நீதிபதி குடுத்த தண்டனை ஜனவரியில முடியுது. மாமா வீட்டு வாசல் இன்னும் விடல. ஈஸ்டர் காலையில போய்ப் பாய்க்குள்ள உக்காரவா?”

அவன் சொன்னதை உங்களுக்குச் சொன்னேன். நான் எதையும் கேட்கவில்லை.

அண்ணியின் கைக்கு என் முத்தம்.
மசீனா


சாலேலாவா
1995 டிசம்பர் 28

அன்பான தங்கைக்கு, கிறிஸ்து பிறந்த நாளின் சமாதானம்.

எழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். போதகர் அம்மா ரூதா எழுதுகிறார்கள். சலோமேக்குக் கண்வலி. மற்றபடி எல்லாரும் சுகம்.

மனாசே சிட்னியில் வளர்ந்த பிள்ளை. பாய்க்குள் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கிற நம் இஃபோங்கா என்றால் என்னவென்று பாதிதான் தெரிந்திருக்கும். அவனுக்குச் சொல்.

நான் பொடியனாக இருந்தபோது பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் மீன் பங்குச் சண்டையில் நம் ஊர் ஆளை வெட்டிக் கொன்றான். மறுநாள் விடியுமுன் அந்தக் குடும்பத் தலைவர் வந்து, செத்தவன் வீட்டு முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். மடியில் கல்லும் விறகும். எங்களைக் கல்லடுப்பில் வைத்துச் சுடு என்று அதற்கு அர்த்தம். தலை மேல் குடும்பத்தின் நல்ல பாய். வெட்டியவன் வரவில்லை. அந்தச் சண்டைக்கும் தலைவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் தலைவர், அதனால் வந்தார். இடது காலில் ஒரு கட்டி. அந்தக் கால் பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது. அவர் காலை இழுக்கவில்லை. செத்தவனின் அண்ணன் வெட்டுக்கத்தியோடு வாசலில் நின்றான். அவன் வெட்டியிருந்தால் கேட்பார் கிடையாது. வெயில் ஏறின பிறகு கத்தியைக் கூரையில் செருகிவிட்டு, போய்ப் பாயைத் தூக்கினான். தூக்கினால் முடிந்தது. அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

ஆனால் மசீனா, இது ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்து வாசலில் போய் உட்காருவது. மனாசேக்குத் தகப்பன் வழி இல்லை. கப்பல்காரன், போனவன் போனான். மனாசேயின் குடும்பம் நம் குடும்பம்தான். அதற்குத் தலைவன் நான். செத்தவனுக்குத் தகப்பனும் நான். ஊர்ச் சபையில் கேட்டுப் பார்த்தேன். தௌசீ பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஒன் வீட்டு முன்னால நீயே உக்காந்து, நீயே பாயத் தூக்கிக்க, செமு. கோகோ நாங்க காய்ச்சித் தரோம்.”

ஆகவே அவனுக்கு வழியில்லை என்று சொல்லிவிடு. பதமாகச் சொல்.

புது வருஷம் நல்லதாக வரட்டும்.
அண்ணன் செமு


மவுண்ட் ட்ரூயிட்
1996 ஜனவரி 23

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். சுகமறிய ஆசை. மனாசே வீட்டுக்கு வந்துவிட்டான். கார் வைக்கும் கொட்டகையில்தான் படுக்கிறான். வீட்டுக்குள் லூகா படுத்த கட்டில் இருக்கிறது.

வழியில்லை என்று சொன்னேன். பதமாகத்தான் சொன்னேன். “அப்ப எனக்குக் குடும்பம் எதும்மா?” என்று கேட்டான். நீங்களே சொல்லுங்கள்.

அண்ணிக்குக் கண்வலி என்று எழுதியிருந்தீர்கள். சொட்டு மருந்து அனுப்பியிருக்கிறேன். எழுதுகிற கண்ணுக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னார்.

மசீனா


சாலேலாவா
1996 பிப்ரவரி 20

அன்பான தங்கைக்கு,

உன் சுகத்துக்காக ஜெபிக்கிறோம். மருந்து வந்தது. சலோமேக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை. உனக்குத் தெரியும். சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஒங்க தங்கச்சி லேசுப்பட்டவ இல்ல” என்றாள். லூகாவின் படத்துப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

இனி மறைத்து என்ன? நடந்ததைச் சொல்கிறேன். மனாசே வர நினைக்கிறான் என்ற கடிதத்தைப் படித்துக் காட்டிய அன்றே பேனாவை மூடிவிட்டாள்.

“அவன் வரட்டும். உக்காரட்டும். வெயில் வரும், மழை வரும், எழுந்து போவான். நான் தூக்க மாட்டேன். நீங்க தூக்கினீங்கன்னா அன்னிக்கே நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்.”

“அவன் கைக்கொழந்தையா இருந்தப்ப நாம தூக்கி வளத்த புள்ள, சலோமே.”

“லூகாவ யாரு வளத்தா? பக்கத்து வீட்டுக்காரியா?”

பிறகு அவளே சொன்னாள். “கோர்ட்டுக் காகிதம் வந்துச்சே, படிச்சீங்களா? நீங்க எங்க படிச்சீங்க. எத்தன மணி நேர வேல, கார் என்ன வேகம், எல்லாம் இருக்கு. எம்புள்ளைக்கு அதுல ‘பயணி’ன்னு பேரு. அந்தப் பயணி கடைசியா என்ன பேசினான்னு அதுல இல்ல.”

நான் பாயைத் தூக்கினால் பெண்டாட்டி போகிறாள். தூக்காவிட்டால் தங்கை மகன் போகிறான். இப்படி ஒரு இடத்தில் என் ஆயுசில் நின்றதில்லை. போதகர் அம்மா இதை எழுதும்போது மூக்கை உறிஞ்சுகிறார்கள். அதையும் எழுதச் சொன்னேன்.

வா என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. வராதே என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அண்ணன் செமு


மவுண்ட் ட்ரூயிட்
1996 மார்ச் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் இருவர் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். மனாசே வருகிறான். நான் வரவில்லை.

முழங்காலைச் சாக்குச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். கூடப் பிறந்தவள் வாய்விட்டுக் கேட்டதை ஆண்பிள்ளை மறுக்கக் கூடாது என்பது நம் ஊர்க் கட்டு. நான் வந்து வாசலில் நின்றால் உங்களால் மறுக்க முடியாது. நீங்கள் மறுக்காவிட்டால் அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்குவாள். அப்படிப் பிடுங்கின மன்னிப்பு என் பிள்ளைக்கு வேண்டாம். அதனால்தான் இத்தனை கடிதத்திலும் நான் எதையும் கேட்கவில்லை. இதிலும் கேட்கவில்லை.

பாய் அவனோடு வருகிறது. அவன் பிறந்தபோது அண்ணி நெய்து கொண்டுவந்து போர்த்தினாளே, ஓரத்தில் சிவப்பு இறகு வைத்தது, அதுதான். வேறு நல்ல பாய் என்னிடம் இல்லை.

உயிர்த்தெழுந்த கர்த்தர் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.
மசீனா


சாலேலாவா
1996 ஏப்ரல் 4, பெரிய வியாழன்

அன்பான தங்கைக்கு,

சுகம். பையன் வந்து சேர்ந்தான். போதகர் வீட்டில் தங்கியிருக்கிறான். நான் அவனைப் பார்க்கப் போகவில்லை. என் பன்றிதான் அந்த வேலிப் பக்கம் ஓடிற்று. அதைத் தேடிப் போனேன்.

இளைத்துவிட்டான். விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடாலியைப் பிடிக்கிற லட்சணத்தில் விறகுக்கு முன்னால் கால்தான் பிளக்கும். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவன் பார்த்தான். பன்றி கத்தியது.

அவன் வந்தது சலோமேக்குத் தெரியும். கடைக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டாள்.

நாளைக்குப் பெரிய வெள்ளி. சாவைப் பற்றிய பாட்டெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது, போன வருஷம் முழுக்க அதைத்தானே பாடினேன். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்குத்தான் தொண்டை வருமா என்று தெரியவில்லை.

அண்ணன் செமு


சாலேலாவா
1996 ஏப்ரல் 8, உயிர்ப்புக்கு மறுநாள்

உயிர்த்தெழுந்த கர்த்தருக்குள் அன்பான தங்கை மசீனாவுக்கு,

நாங்கள் சுகம். ‘நாங்கள்’ என்பதில் இப்போது மூன்று பேர். எழுத்தைப் பார்த்ததுமே உனக்குப் பாதி தெரிந்திருக்கும். மீதியைச் சொல்கிறேன். நான் கூட்டிச் சொன்னால் வெட்டிவிடுவேன் என்று எழுதுகிறவள் மிரட்டியிருக்கிறாள்.

நேற்று வெளுக்கிற நேரத்தில் கண் விழித்தேன். நம் வீட்டுக்குத்தான் சுவர் கிடையாதே, படுத்தபடியே முற்றம் தெரிந்தது. லூகாவின் கல்லறைப் பக்கத்தில் ஒரு வெளுத்த குவியல். உன் பாய். சலோமே மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. தூங்கினால் குறட்டை விடுவாள். (விடமாட்டேன். சலோமே.)

பார்த்துக்கொண்டே கிடந்தேன். மனசை ஒன்று உறுத்தியது. அந்தக் காலத்தில் வெட்டியவன் வரவில்லை, தலைவர் வந்தார். இங்கே பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறான், தலைவன் எங்கே? தலைவன் வீட்டுக்குள் போர்த்திப் படுத்திருக்கிறான். தௌசீ பெரியவர் கேலியாகச் சொன்னதில் முதல் பாதி சரியாகத்தான் இருந்தது.

படியிறங்கிப் போனேன். பாயின் ஓரத்தைத் தூக்கி உள்ளே நுழைந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, திரும்ப மூடிக்கொண்டேன். பயத்தில் துள்ளிவிட்டான்.

“மாமா? நீங்க இங்க வரக் கூடாது. நீங்க வீட்டுக்குள்ள இருக்கணும்.”

“எனக்கு இஃபோங்கா சொல்லித் தரியா? கடலப் பாத்து உக்காந்திருக்க. கடலா ஒன்ன மன்னிக்கப் போவுது? வீட்டப் பாத்துத் திரும்பு. மொதல்ல அந்த ஷூவக் கழட்டு.”

கழற்றினான். மடியில் கிடந்த கல்லில் பாதியை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

உள்ளே இருட்டு. தாழை வாசம். அவன் மூச்சு என் காதில் அடித்தது. லூகாவின் மூச்சும் சின்ன வயதில் இப்படித்தான் ஒரு பக்கமாக இழுக்கும். நான் அழுதேன். அவனும் அழுதான். ஒருவருக்கொருவர் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அழுதோம்.

மசீனா, இத்தனை வருஷம் கோயிலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், நமக்காக அவர் மரித்தார் என்று. கேட்டதோடு சரி. பாய்க்குள் கல்லை மடியில் வைத்திருந்தபோதுதான் உறைத்தது. குற்றம் செய்தவன் வெளியே உட்காருவான், பாதிக்கப்பட்டவன் வீட்டுக்குள் இருப்பான். அதுதான் முறை. அவரோ வீட்டுக்காரர். அவருக்கு விரோதமாகத்தான் எல்லாம் நடந்தது. அவர் எழுந்து வெளியே வந்து நம் பாய்க்குள் நுழைந்து, நம் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அதுதான் நடந்தது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை என்ன? பாயைத் தூக்கின காலை. பிதா வந்து தூக்கினார். அவர் தனியாக எழுந்து வரவில்லை, பாய்க்குள் கூட உட்கார்ந்திருந்த நம் எல்லார் மேலிருந்தும் அது விலகிற்று. இதைப் போதகரிடம் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

வெளிச்சம் பாய் வழியாகப் பொடிப்பொடியாக உள்ளே வந்தது. படியில் காலடி கேட்டது.

“அது யாரு கால்?” சலோமே.

பாய் இரண்டு பேருக்குப் போதவில்லை, என் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“நாப்பது வருஷமா எண்ணெ தேச்சு விட்ட கால் எனக்குத் தெரியாதா? இந்த வயசுல ஈர மண்ணுல என்ன பண்றீங்க?”

“நான் ஒன் புருசனா வரல. குத்தம் பண்ணினவன் வீட்டுத் தலைவனா வந்திருக்கேன்.”

“எழுந்து வாங்க.”

“நானா எழுந்திருக்க முடியாது, சலோமே. முறை அப்படி.”

அவள் போய்விட்டாள். கோயிலில் மணியாகத் தொங்குகிற கேஸ் சிலிண்டரைத் தட்டி முதல் மணி அடித்தார்கள். ஊர் சனம் வெள்ளை உடுத்தித் தெருவில் போகிற சத்தம் நம் வேலியருகே வந்ததும் அடங்கியது. தௌசீ பெரியவர் நின்றாராம். கோகோப் பேச்சு வரவில்லையாம். குடையை மடக்கி, தொப்பியை எடுத்துவிட்டு நின்றாராம். நாய் வந்து என் காலை நக்கியது. நானும் இழுக்கவில்லை.

திரும்ப வந்தாள். குனிகிற சத்தம் கேட்டது. பாயின் ஓரத்தில் அவள் விரல் நகர்ந்து நகர்ந்து போனது. இறகு வைத்த இடத்தில் நின்றது. தான் நெய்தது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது.

“மனாசே.”

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது.

“அத்தை.”

“கார்ல வரும்போது லூகா என்ன பண்ணிக்கிட்டு வந்தான்?”

நான் அவனை முழங்கையால் இடித்தேன்.

“நான் தூங்கிரக் கூடாதுன்னு பேசிக்கிட்டே வந்தான் அத்தை. ஒங்கள மாதிரிப் பேசிக் காட்டினான். மாமா பன்னியத் தொறந்து விட்டுட்டா நீங்க திட்டுவீங்கள்ல, அதே குரல்ல. ‘கதவு தானாத் தொறந்துச்சா? அதுக்குக் கை மொளச்சிருக்கா?’ன்னு. ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சுத்தான் நான் கண்ண...”

வெளியே ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். இருமல் இல்லை. சலோமே சிரித்தாள். லூகாவைப் புதைத்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. அழுகையும் அதிலேயே இருந்தது.

“எம்புள்ள கூடக் கடைசியா இருந்தவன் நீ ஒருத்தன்தாண்டா” என்றாள். “ஒன்ன வெளிய நிறுத்தி வச்சா நான் அவனப் பத்தி யாருகிட்டக் கேப்பேன்?”

பாய் தூக்கப்பட்டது. அவன் பக்கம் மட்டும். என் தலைமேல் அப்படியே கிடந்தது.

“சலோமே, நானும் இருக்கேன்.”

“ஒங்கள அப்பறம் பாத்துக்கறேன். அந்தப் பன்னிக்கு ஒரு வழி பண்ணிட்டு.”

கோயிலுக்கு மூன்று பேரும் தாமதமாகத்தான் போனோம். விடியக்காலையில் கல்லறைக்குப் போன பெண்களைப் பற்றி வாசித்தார்கள். கல்லை யார் புரட்டுவார் என்று பேசிக்கொண்டே போனார்களாம். அதில் ஒருத்தி பேர் சலோமே. நான் இடித்து, “ஒன் பேரு வருது” என்றேன்.

“கேக்குது. பேசாம இருங்க.”

ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு எனக்குத் தொண்டை வந்தது. சுருதி வரவில்லை. அது என்றைக்கும் வந்ததில்லை.

மனாசே கொஞ்ச காலம் இங்கே இருக்கட்டும் என்று சொன்னாள். நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள். நோய் தாங்குகிற புதுச் சேம்பு வந்திருக்கிறதாம், நட ஆள் வேண்டும். கோடாலி பிடிக்கவும் சொல்லித் தர வேண்டும். நேற்றுச் சாயங்காலமே அவனை எதிரே உட்கார்த்திவைத்து லூகாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஆலையில் என்ன சாப்பிட்டான், யாரோடு சண்டை போட்டான், எந்தப் பெண்ணைப் பார்த்தான் என்று. எனக்குத் தெரியாத லூகா ஒருவன் அதில் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு வருகிறான்.

நீ கேட்கவே இல்லை, மசீனா. அதற்காக உனக்கு என் வணக்கம். இப்போது நான் கேட்கிறேன். அடுத்த ஈஸ்டருக்கு வா.

கர்த்தர் உயிர்த்தெழுந்தார்.
அண்ணன் செமு

மசீனா, இது நானே எழுதுவது. அவர் சொல்லவில்லை. பாயைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன், ஓரத்தில் இரண்டு இறகு உதிர்ந்திருக்கிறது, தைத்து வைக்கிறேன். வந்து எடுத்துக்கொள். கண் நன்றாகத் தெரிகிறது. மருந்து இனி அனுப்பாதே.
சலோமே